பொருந்தாத டாங்கி

பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியொன்றைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த வீடுகளில் முதல் அரை மணி நேரம் பேரமைதி நிலவும். அதன் பின்னர் ஒரு குரல் எழும்: "இது பொருந்த மாட்டேங்குது!" பெட்டியின் மேலுள்ள படத்திலே டாங்கி புழுதி கிளப்பிக் கம்பீரமாய் வருகிறது. மேசையின் மேலோ அதன் மேற்பாகமும் கீழ்ப்பாகமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடக்கின்றன. இடையிலே மட்டைத் துண்டொன்று நுழையத்தக்க வெளி. தகப்பனார் வருகிறார், பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார், பசையைத் தாராளமாகப் பூசி ஓர் இறப்பர் வளையத்தையும் மாட்டிவிடுகிறார். மறுநாள் டாங்கி பெட்டிக்குள்ளும், பெட்டி அலுமாரியின் மேலும் குடிபுகுகின்றன. இத்தகைய பெட்டிகளின் விலை கொஞ்சமன்று. நமது தீவில் மாற்றுப்பாகம் பெறுவதும் இலேசான காரியமன்று. ஆகவே அலுமாரியின் மேலே ஏறிவிட்ட பெட்டியைக் கீழே இறக்குவதற்கு வழி உண்டா என்று இன்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு டாங்கி வேண்டும். நமது கண்டிப் பகுதியோடு சிறிதேனும் தொடர்புடையதாக இருக்கட்டும். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைத்தார். அதே மாதத்தில் வடகிழக்கு இந்தியாவின் கொஹிமா மலைமேட்டில் கடும் போர் தொடங்கியிருந்தது. அங்கும், பின்னர் பர்மாவிலும் மலைச்சரிவுகளில் ஊர்ந்து ஏறிய டாங்கிகளுள் ஒன்று அமெரிக்காவிலே செய்யப்பட்ட எம்3 லீ. அவற்றுள் ஒன்று இன்றும் கொஹிமாவிலே நினைவுச் சின்னமாக நிற்கிறது. பார்வைக்கு விநோதமான வண்டி அது. பெரிய 75 மி.மீ. பீரங்கி சுழல்கோபுரத்தில் இல்லாமல் உடலின் வலப்புறத்திலே பொருத்தப்பட்டிருக்கும். மேலே ஒரு சிறு கோபுரத்தில் 37 மி.மீ. பீரங்கி. உடல் முழுவதும் தட்டையான உருக்குத் தகடுகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் தறையாணிகள். தகடுகள் மிகுந்திருப்பதால் பொருத்துக்களும் மிகுதி; பொருத்துக்கள் மிகுந்திருப்பதால் பொருந்தாமைக்கும் இடம் மிகுதி. நமது பாடத்துக்கு இதைவிடத் தக்க உதாரணம் கிடையாது.

முதலில் ஒரு சிறு கணக்கு. டாங்கி மாதிரிகள் பெரும்பாலும் 35இல் ஒரு பங்கு என்ற அளவில் வருகின்றன. இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்பதுண்டு. 1946இல் ஜப்பானின் ஷிஸுஒகா நகரில் மரவியாபார நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறிய டமியா நிறுவனத்தார், 1960களின் தொடக்கத்தில் 'பாந்தர்' டாங்கியின் மாதிரியைச் செய்தனர். அதனுள்ளே சிறு மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டும். அடங்கும்படி உடலை அமைத்துவிட்டுப் பிறகு அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35இல் ஒரு பங்காக இருந்ததாம். மின்கலம் வகுத்த விதியை இன்று உலகமே பின்பற்றுகிறது! அது நிற்க. லீ டாங்கியின் நீளம் சுமார் 5.64 மீற்றர், மாதிரியில் அது 16 சென்ரிமீற்றரளவு. அப்படியானால் மாதிரியிலே தெரியும் 1 மி.மீ. இடைவெளி, உண்மை டாங்கியில் 35 மி.மீ. வெளிக்குச் சமம். லீயின் முன்கவசத் தகடே 51 மி.மீ. தடிப்புத்தான். கவசத்தின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அகலமான பிளவுடன் எந்த வீரனும் போருக்குப் புறப்படமாட்டான். பிள்ளையின் கண்ணுக்கு அந்த 1 மி.மீ. உறுத்துவது வெறும் பிடிவாதத்தால் அன்று. அதன் கண் சரியாகவே வேலை செய்கிறது.

இனி, பொருந்தாமை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் பலரும் விரைந்து தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். மாணவன் ஒருவன் ஒருமுறை இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து நீட்டி, "கொம்பெனிக்காரங்க பிழையா செஞ்சிட்டாங்க, சேர்" என்றான். "இரு தம்பி, முதல்ல ஒரு பென்சிலைக் கொண்டா" என்றேன். மென்மையான ஈயமுள்ள பென்சிலால் ஒரு துண்டின் விளிம்பு முழுவதும் கறுப்புப் பூசி, மற்றைத் துண்டை அதன்மேல் வைத்து, பசையில்லாமல் மெல்ல அழுத்தி எடுத்தோம். பல் வைத்தியர் நிறக்கடதாசியைக் கடிக்கச் சொல்லி எந்தப் பல் முட்டுகிறது என்று காண்பது போன்ற உபாயம் இது. விளிம்பு நெடுக எங்கும் கறை ஒட்டவில்லை. ஒரேயோர் இடத்தில் மட்டும் கடுகளவு கறை. அந்த இடத்தைப் பார்த்தால், பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தபோது மிஞ்சிப்போன சிறு முளை. அதை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் இரு துண்டுகளும் தாமாகவே பொருந்திக்கொண்டன. எங்கேயோ தூரதேசத்திலிருக்கும் கொம்பனிக்காரர் தப்பினார்.

பசை தொடுமுன் வெறுமனே வைத்துப் பார்க்கும் இந்தப் பரீட்சையை ஒவ்வொரு பாகத்துக்கும் செய்தல் வேண்டும். அப்போது வெளிப்படும் குற்றங்கள் சில வகைக்குள் அடங்கிவிடும். மேற்கூறிய முளை ஒன்று. அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் கோட்டில் பிளாஸ்டிக் கசிந்து உறைந்த மெல்லிய பிசிறு மற்றொன்று. பழைய தேய்ந்த அச்சுக்களில் வார்த்த பெட்டிகளில் இது தாராளம். உறைந்த பாகத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசிகள் பதித்த வட்டத் தழும்பு சில இடங்களில் மேடாக நிற்கும். அது பெரும்பாலும் உட்புறத்தில் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தட்டுப்படாமலே பாகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். முளையும் அதற்குரிய துளையும் சரிவர எதிரெதிரே அமையாத சந்தர்ப்பமும் உண்டு. அப்போது அந்த முளைக்குப் பரிதாபப்படவேண்டியதில்லை. வெட்டி எறிந்துவிட்டு, விளிம்புகளைக் கண்ணால் நேர்பார்த்துப் பொருத்துவதே மேல். வழிகாட்டியே வழி தவறியவராயின் அவரைப் பின்பற்றுவானேன்?

இவை எல்லாம் வெட்டிக் கழிக்க வேண்டியவை. இன்னொரு குற்றம் இவற்றைவிட ஆழமானது. பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன் என்னும் வகை. அது சூடான குழம்பாய் அச்சுக்குள் புகுந்து, குளிர்ந்து உறையும்போது 0.4 முதல் 0.7 விழுக்காடு வரை சுருங்குகிறது. நமது லீயின் 16 சென்ரிமீற்றர் உடலுக்கு இது அரை மில்லிமீற்றருக்கு மேலிருந்து 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரை. அச்சுச் செய்வோர் இதை அறிந்து அச்சைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுகின்றனர். ஆயினும் தடித்த பாகமும் மெல்லிய பாகமும் ஒரே விதமாகச் சுருங்குவதில்லை. நன்றாகக் குளிருமுன் அச்சிலிருந்து எடுத்துவிட்டால் தட்டை மேற்பாகம் அப்பளம்போல் வளைந்துகொள்ளும். தொட்டிபோன்ற கீழ்ப்பாகத்தின் பக்கச் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். டாங்கி மாதிரிகளில் மேலுடலும் கீழுடலும் பொருந்தாமைக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுவே. அரத்தாலும் பட்டியாலும் இதைத் தீர்க்க முற்படுவது வியாதியை விட்டுவிட்டுப் போர்வைக்கு வைத்தியம் செய்வது போலாகும்.

வளைவுக்கு மருந்து வெந்நீர். பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸ் அளவில் முற்றாக இளகிவிடும் இயல்பினது. ஆகவே கொதிநீர் வேண்டாம். கை பொறுக்கமாட்டாத, ஆனால் கொதியாத நீரில், சுமார் 60 அல்லது 70 பாகையில், வளைந்த பாகத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தி, இடுக்கியால் எடுத்து, வளைவுக்கு எதிர்ப்புறமாக மெல்ல, மிக மெல்ல, வளைத்துப் பிடித்தபடியே தண்ணீரில் ஆறவிடுதல் வேண்டும். ஒரே தடவையில் நிமிர்த்திவிட ஆசைப்படாமல் மூன்று நான்கு முறை செய்க. மெல்லிய மட்காட்டுத் தகடுகளுக்கு இன்னும் குறைந்த சூடு போதும். சிறு பிள்ளைகளாயின் இந்த வேலையைப் பெரியவர் ஒருவரே செய்தல் நன்று.

உட்சாய்ந்த சுவருக்கோ வெந்நீரும் வேண்டாம். பாகங்களைத் தாங்கிவந்த சட்டத்தின் துண்டொன்றை உரிய நீளத்துக்கு வெட்டி, தொட்டியின் உள்ளே குறுக்குச் சட்டமாக வைத்து ஒட்டிவிட்டால் சுவர் நிமிர்ந்துகொள்ளும். உள்ளே இருப்பதால் எவர் கண்ணுக்கும் தெரியாது. வீடு கட்டுவோர் இதைப் பார்த்தால் புன்னகை புரிவர். அவர்கள் தினந்தோறும் செய்வது இதுதான். கண்டியிலிருந்து அதிக தூரமில்லாத எம்பெக்க தேவாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், தூண்களிலுள்ள அன்னத்தையும் மல்லரையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கதிர்காமக் கந்தனுக்குரிய அந்தத் தலத்தின் மண்டபத்தில், நுழைந்ததும் தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்கவேண்டும். 26 கைமரங்கள் ஓரிடத்திலே வந்து கூட, அவை அத்தனையையும் 'மடொல் குருப்பாவ' எனப்படும் ஒரே மரப்பூட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பாலைக் காலத்துத் தச்சர்கள், வந்த மரத்தின் வளைவையும் கோணலையும் முதலில் அறிந்துகொண்டு, பிறகே உளியை எடுத்திருப்பர். இருபத்தாறும் ஒன்றாய்ப் பூட்டுண்டு நிற்பதை அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு, நான்கு பிளாஸ்டிக் சுவர்களைச் சேர்ப்பது பெரிய காரியமாகத் தோன்றாது.

இப்போது பசையைப் பற்றி. மாதிரிப் பசை, நாம் கடதாசிக்குப் பூசும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புக்களும் கலந்து, கரைப்பான் ஆவியாகிப் போனபின் ஒரே துண்டாக இறுகுகின்றன. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, தொடாத பரப்புக்களை அது ஒட்டாது. இடைவெளியை நிரப்பும் சக்தி அதற்குக் கிடையாது. மற்றையது, அளவுக்கு மிஞ்சிப் பூசினால் பாகமே இளகி உருமாறும். தகப்பனார் தாராளமாகப் பூசிய பசை செய்த அநர்த்தம் இதுவே.

ஆனால் இதே இயல்பை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். சிறிய இடைவெளியாயின், இரு விளிம்புகளிலும் பசை தடவி, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி ஒருமுறை தடவி, பின்பு இரண்டையும் சேர்த்து அழுத்துக. இளகிய பிளாஸ்டிக் பொருத்தின் நெடுகிலும் நூலிழைபோல் பிதுங்கி வெளிவரும். அதைத் துடைத்துவிடக் கை துடிக்கும், துடைக்கலாகாது. உடுப்புக்கு மாட்டும் கிளிப்புக்களால் பிடித்து வைத்து, ஒரு முழு நாள் கழித்து, இறுகிய அந்த இழையைக் கத்தியாற் செதுக்கி, நனைத்த அரத்தாளால் தேய்த்தால் பொருத்து இருந்த இடமே தெரியாது. இடைவெளியை அதே பிளாஸ்டிக்கினால் அடைத்ததற்குச் சமம் இது. பட்டியை விட இதுவே எனக்கு விருப்பமான முறை. பட்டி எத்தனை நல்லதாயினும் அந்நியப் பொருள்தானே.

பெரிய இடைவெளிக்கு இது போதாது. அதற்கு ஆப்பு வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு கிடைத்தால் அதில் ஒரு கீற்றை வெட்டிச் செருகலாம். கிடைக்காவிட்டால் பாகங்கள் வந்த சட்டமே இருக்கிறது. அதன் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடரின்மேல், சுடரைத் தொடாதபடி, உருட்டி உருட்டிக் காட்டி, அது பளபளத்துத் தொய்யத் தொடங்கியதும் அப்புறம் எடுத்து இரு முனைகளையும் இழுத்தால் கம்பியாக நீளும். விரைந்து இழுத்தால் மயிர்போல் மெல்லிதாகும்; ஆறுதலாக இழுத்தால் சற்றுத் தடிக்கும். வேண்டிய தடிப்பில் ஒன்றை இடைவெளியிலே கிடத்திப் பசை தடவினால் அது இளகி உள்ளே படிந்துவிடும். சுடரிலே பட்டுவிட்டாலோ பொலிஸ்டைரீன் கரும்புகை கக்கி எரியும். பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டிய இன்னொரு வேலை இது. சட்டத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பசைப் போத்தலொன்றில் ஊறவிட்டுக் கூழாக்கி அப்புவோரும் உளர். நல்ல உபாயமே, ஆனால் கரைப்பான் வெளியேறும்போது கூழ் வற்றிக் குழி விழும். இரண்டு மூன்று நாள் பொறுத்துத்தான் தேய்க்கவேண்டும். கடைப் பட்டியும் அவ்வாறே வற்றும். ஆதலால் ஒரே தடவையில் மலைபோல் அப்பாமல் மெல்லிதாகப் பல தடவை இடுக.

அவசரக்காரருக்குச் சுப்பர் குளூ இருக்கிறது. அதன் வரலாறும் போரோடு சம்பந்தப்பட்டதே. 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரி கூவர் முதலியோர், துப்பாக்கிக் குறிபார்ப்பிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் ஒன்றைத் தேடி ஆராய்ந்தபோது தட்டுப்பட்ட பொருள் அது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தமையால் அப்போது ஒதுக்கப்பட்டது; 1958இல் அந்தத் தொல்லையே குணமாகி விற்பனைக்கு வந்தது. சிறிது முகப்பவுடரோடு அதைக் குழைத்து இடைவெளியில் இட்டால் நல்ல அடைப்பாகும். ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள்: அது இறுகிய அன்றே தேய்த்துவிடவேண்டும். நாளாக ஆகச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது வன்மையாகிவிடும். பிறகு தேய்த்தால் மெலிந்த பிளாஸ்டிக் குழியும், அடைப்பு மேடாக நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பின்னர் மாணாக்கருக்கு ஓர் உற்சாகம் பிறக்கிறது. கண்ட கோட்டையெல்லாம் அடைத்து, கண்ட மேட்டையெல்லாம் தேய்த்து, டாங்கியைச் சவர்க்காரக் கட்டிபோல் வழவழப்பாக்கிவிடுகின்றனர். நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது இங்கேதான் இருக்கிறது. ஓர் இடைவெளியைக் கண்டவுடன், இது யாருடைய இடைவெளி என்று கேட்கவேண்டும். அச்சினுடையதா, வெட்டிய கையினுடையதா, அல்லது உண்மை டாங்கியினுடையதேதானா? லீயின் மூக்குப் பகுதியைப் பாருங்கள். உள்ளே பற்சக்கரங்களை மூடிய அந்த வளைந்த கவசம் மூன்று துண்டுகளாக வார்க்கப்பட்டு, விளிம்புகளில் திருகாணிகள் வைத்து இறுக்கப்பட்டது. அந்த இரண்டு பொருத்துக் கோடுகளும் உண்மை. அவற்றை அடைத்தவன் குற்றத்தை நீக்கவில்லை, டாங்கியை அழித்தான். உருசியரின் டி-34 டாங்கியில் வார்ப்புக் கோபுரத்தைச் சுற்றி அச்சுக் கோடு தழும்பாகவே தெரியும். போர்க்கால அவசரத்தில் அதைத் தேய்க்க எவருக்கும் நேரமில்லை. மாதிரியில் அதே இடத்தில் அச்சுக்கோடு விழுந்திருந்தால் அது பிழையாயிருந்தும் சரியாகிவிடுகிறது! இதற்கு மாறாக, லீயின் தட்டையான பக்கத் தகட்டின் நடுவே ஒரு கோடு ஓடுமானால் அது சந்தேகமின்றி அச்சின் குற்றம்.

எப்படித் தெரிந்துகொள்வது? பழைய நிழற்படங்களைப் பார்க்கவேண்டும். பெட்டியின் மேலுள்ள ஓவியத்தை நம்பவேண்டாம். அது வியாபாரத்துக்கு வரைந்தது. லீயிலேயே பல வகைகள் உள. தறையாணி அடித்த எம்3, முழுவார்ப்பு உடலுள்ள எம்3ஏ1, உருக்கி ஒட்டிய எம்3ஏ2 என்று வேறுபடும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றொன்றைத் திருத்தினால் நகைப்புக்கு இடமாகும். வீட்டிலே ஒரு பிள்ளை 1944ஆம் ஆண்டுப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு தகட்டின் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தால், அது சரித்திரமும் படிக்கிறது என்று கொள்க.

தறையாணிகளைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். பொருத்தின் ஓரமாகவே அவை வரிசையாக நிற்பதால், அரத்தாள் பட்டவுடன் முதலில் மாள்வன அவையே. தேய்க்குமுன் அவற்றின்மேல் ஒட்டு நாடாக் கீற்றொன்றை ஒட்டிவிடுக. நீரிற் கரையும் பட்டியாயின் அது காயுமுன்னரே ஈரப் பஞ்சுக் குச்சியால் மிச்சத்தைத் துடைத்துவிடலாம்; தேய்ப்பே வேண்டாம். அப்படியும் சில போய்விட்டால், கண்ணில் படாத அடிப்பாகத்தில் உள்ள தறையாணித் தலைகளைக் கூரிய பிளேட்டினால் சீவியெடுத்து, நனைத்த பற்குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, துளி பசையில் நட்டுவிடலாம். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு நடலாம். பொறுமையில்லாதவர் கணக்கைக் கேட்டவுடனேயே எழுந்துவிடுவர்.

பெற்றோர் சிலர் என்னிடம் வேறொரு கேள்வி கேட்டிருக்கின்றனர். இத்தனை ஆண்டுகள் போரைக் கண்ட நாட்டில் பிள்ளையின் கையில் டாங்கியைக் கொடுக்கலாமா என்பது அது. தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று. நமது ஹுன்னஸ்கிரியவிலிருந்து பதினெட்டு வளைவு வீதியில் இறங்கி மஹியங்கனைப் பக்கம் சென்றால் ஹசலக்க என்னும் ஊர் வரும். 1991ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆனையிறவு முகாமை நோக்கி வந்த, இரும்புத் தகடு போர்த்த புல்டோசர் ஒன்றை நிறுத்தித் தாமும் மாண்ட படைவீரர் காமினி குலரத்ன அவ்வூரவர். அந்தப் புல்டோசரை இன்றும் ஆனையிறவில் ஏ-9 வீதியோரத்தில் காணலாம். அதனுள்ளே வந்தவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாம். தொழிற்சாலையிலே பிறந்த டாங்கியன்று அது. நிலம் கிளறப் பிறந்த பொறியின்மேல் மனிதர் கையால் தகடு அறைந்தது. அதை மாதிரியாகச் செய்பவன் இடைவெளிகளை அடைத்து வழவழப்பாக்கினால் பெரும் பொய் சொன்னவனாவான்.

என் அபிப்பிராயம் இது. பெட்டியின் படத்தோடு நின்றுவிடும் பிள்ளைக்கு டாங்கி ஒரு வீரப்பொருளாகவே தோன்றும். உள்ளே குனிந்து பார்த்துப் பொருத்தும் பிள்ளை வேறொன்றைக் காண்கிறது. லீயின் அந்த இரும்புப் பெட்டிக்குள் ஆறேழு பேர் அடைந்து கிடந்தனர். வெளியே குண்டு தாக்கும்போது, கவசம் துளைபடாவிட்டாலும், தறையாணிகள் தெறித்து உள்ளே இருந்தோர்மேல் குண்டுபோற் பாய்ந்தன. பின்வந்த டாங்கிகள் தறையாணியைக் கைவிட்டு உருக்கி ஒட்டுதலையும் வார்ப்பையும் நாடியதற்கு இஃது ஒரு முக்கிய காரணம். பன்னிரண்டு தறையாணிகளை இரண்டு மணி நேரம் நட்ட பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதன் முகத்தில் தோன்றும் மாறுதலை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியைப் பறித்து வைப்பதால் அந்த அறிவு வராது.

வேலைக்குத் திரும்புவோம். சில்லுகளைப் பொருத்தும்போது மேசையை நம்பலாகாது. பழைய முகக்கண்ணாடி ஒன்றைத் தட்டையாக வைத்து அதன்மேல் டாங்கியை நிறுத்துக. லீயில் பக்கத்துக்கு மூன்று சில்லுத் தொகுதி, தொகுதிக்கு இரண்டு சில்லு. பசை இளகியிருக்கும்போதே பன்னிரண்டும் கண்ணாடியைத் தொடுமாறு சரிப்படுத்தவேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் 27 தொன் வண்டி என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வராது. சங்கிலிப் பட்டை நீளமாய்த் தொங்கினாலோ, எட்டாமற்போனாலோ வெட்டுவதற்குக் கத்தியை எடுக்கவேண்டாம். பின்கோடியிலுள்ள தனிச்சில்லின் அச்சைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தி ஒட்டினால் போதும். உண்மை டாங்கியிலும் வீரர்கள் சங்கிலியை இறுக்கியது அதே சில்லை நகர்த்தித்தான். உருசிய டாங்கிகளைப் பார்த்துவிட்டு, சங்கிலி தொய்ந்து சில்லுகளின்மேல் படியவேண்டும் என்று சிலர் நினைப்பர். லீக்கு அது பொருந்தாது. அதன் இறப்பர்க் கட்டைச் சங்கிலி பெரிதும் இறுக்கமாகவே நின்றது.

இடைவெளியின்மேல் சேற்றையும் சாக்குமூட்டைகளையும் வைத்து மறைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கப்படுகிறது. அந்த வண்டியின் நிழற்படத்தில் அவ்விடத்தில் மூட்டை இருந்தால் வைக்கலாம். இல்லையேல் அது கிழிந்த பாயின்மேல் விரிப்பு விரிக்கும் வேலை.

எல்லாம் முடிந்தபின் மெல்லிய சாம்பல்நிற அடிப்பூச்சு ஒன்று பூசி, இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவேண்டும். பகலிலே ஒளிந்திருந்த பள்ளமும் மேடும் நிழலாக விழும். குறித்துக்கொண்டு மறுபடி பட்டியும் அரத்தாளும் எடுக்கவேண்டியதே.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் இருப்போருக்கும், நக்கிள்ஸ் மலைச் சாரலில் உள்ள பிற ஊரவர்க்கும் மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பொருள். ஆதலால் நமது மூடுபனியில் அது நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும். விரல்களைக் கவனிக்க, கண்ணைத் தொடவே வேண்டாம். பட்டியும் பூச்சும் இதற்கு நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை நாட்களில் அவை காய்வதற்கு இருமடங்கு நேரம் கொடுத்தாலும் தகும். ஈரக்காற்றில் பூசிய லக்கர் பூச்சு வெண்மை படர்ந்து மங்கிப்போவதும் உண்டு. வெயில் வந்த ஒரு காலையில், சன்னலைத் திறந்துவைத்துப் பூசுக. வெயில் வரவே வராத வாரமாயின், அடுப்பங்கரையில் நேர்ச்சூடு படாத ஓர் உயர்ந்த தட்டில் வைத்துக் காயவிடலாம். அடுப்புக்கு மிக அண்மையில் வைத்துவிட்டால் மட்காட்டுத் தகடு மறுபடியும் அப்பளமாகிவிடும். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தைத் தேடவேண்டியதுதான்.